விசனம்: ஒரு சொல், மூன்று ஊர்

இந்த வாரம் ஒரு சொல்லோட வரலாறு: விசனம்.

அப்பா இறந்த மறுமாசம் பெரிய மார்க்கெட்டுக்குப் போனேன். அவர் வாடிக்கையா மீன் வாங்குற அம்மா, கேட்காமலே ரெண்டு சங்கரா கூடுதலாப் போட்டு, "விசனப்படாத தம்பி"ன்னாங்க. அந்தச் சொல்லைக் காதால கேட்டுப் பல வருஷம் ஆச்சு.

மூலச்சொல் சமஸ்கிருத 'வியசனம்'. கேடு, ஆபத்து, விட முடியாத கெட்ட பழக்கம் எனப் பல பொருள். அர்த்தசாஸ்திரத்தின் 8-ஆம் பகுதி முழுக்க வியசனங்கள்தான். பஞ்சம், வெள்ளமும் அதில் உண்டு. சூது, குடியும் உண்டு. பிறகு பாதை பிரிந்தது. தமிழிலும் மலையாளத்திலும் துக்கம் என்ற பொருள் நிலைத்தது. தெலுங்கில் கெட்ட பழக்கம்.

வேடிக்கை என்னன்னா, மூணும் நம்ம யூனியன் பிரதேசத்துலயே இருக்கு. 1954 வரை பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர்கள். புதுச்சேரியில விசனம், மாஹேயில வியசனம், ரெண்டும் வருத்தம். ஏனாமில் வியசனம்னா போதைப் பழக்கம்.

இன்னைக்குப் பிள்ளைங்க "ஃபீல் பண்ணாத"ங்கிறாங்க. ஆங்கிலத்தில் அது எந்த உணர்வுக்கும் பொது. நம்ம வாயில் வருத்தமா சுருங்கிடுச்சு. விசனம் போன அதே வழி.

அப்பா குடியாலதான் இறந்தார். மீன்கார அம்மா சொன்னது என் வருத்தத்தை. ஏனாம்காரர் யாராவது பக்கத்துல இருந்திருந்தா, அப்பாவோட பழக்கத்தைச் சொல்றாங்கன்னு நினைச்சிருப்பார். ரெண்டுமே சரிதான்.

அடுத்த வாரம் பேசுவோம்.