ஊளையிடாத நரி

முப்பது வருஷங்களுக்கு முன், லண்டனுக்கு வந்த புதிதில் நான் எழுதிய கவிதை ஒன்றில் ஒரு நரி வருகிறது. பனி கொட்டிய இரவு, புறநகர்த் தெரு, குப்பைத்தொட்டி, அதன்மேல் நின்று ஊளையிடும் நரி. ஒரு சிறு பத்திரிகையில் வந்தது. நண்பர்கள் இரண்டு மூன்று பேர் அந்த ஊளையைக் குறிப்பிட்டுக் கடிதம் எழுதினார்கள். அந்நியமாதலின் படிமம் என்றார் ஒருவர். அக்கவிதையைத் தொகுப்பில் சேர்க்காததற்குக் காரணம் கேட்டவர்களிடம் இதுவரை மழுப்பலாகத்தான் பதில் சொல்லிவந்திருக்கிறேன். காரணம் எளிது. லண்டன் நரி ஊளையிடாது.

அது குரைக்கும், மூன்று நான்கு முறை, வறட்டு இருமல்போல. டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரிவரை, இணைசேரும் பருவத்தில், நடு இரவில் அலறும். முதல்முறை கேட்பவர்கள் யாரோ குழந்தையின் கழுத்தை நெரிக்கிறார்கள் என்று எண்ணிப் படுக்கையில் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். நானும் உட்கார்ந்தேன். ஆனால் ஒன்று தொடங்க மற்றவை வாங்கிக்கொண்டு, ஏறி இறங்கி, ஊரின் எல்லையெல்லாம் பரவும் அந்த நீண்ட ஊளை இதற்குக் கிடையாது. அது நம் நரியின் சொத்து. இரண்டும் வேறு வேறு பிராணிகள். நாம் நரி என்பது நாய்க்கும் ஓநாய்க்கும் நெருங்கிய பங்காளி. இங்கிலாந்தின் செந்நரி அந்தக் குடும்பத்திலேயே வேறு கிளை. கண்பாவை பூனைக்குப்போலச் செங்குத்தாகப் பிளந்திருக்கும். காதின் பின்புறம் கருப்பு. எடை ஆறேழு கிலோ. இரை தேடுவது தனியாக. தென்னிந்திய நரிக்கு ராட்டன் என்ற விலங்கியலாளர் 1916-ல் இட்ட லத்தீன் பெயரில் ‘நரியா’ என்று நம் சொல்லே உட்கார்ந்திருக்கிறது. லத்தீன் இவ்விஷயத்தில் தமிழைவிடக் கறாராக இருக்கிறது.

தமிழ் ஏன் கறாராக இல்லை? நரிக்குட்டியைக் குருளை என்று சொல்லலாம் என மரபியலில் விதி வகுக்கும் அளவுக்குத் தொல்காப்பியத்துக்கு அக்கறை இருந்திருக்கிறது. புறப்பாடல்களின் இடுகாட்டிலும் போர்க்களத்திலும் திரியும் நரி கண்ணால் பார்த்து எழுதப்பட்ட நரி. பிறகு அது கதைக்குள் போய்விட்டது. திருவிளையாடலில் மதுரை நகருக்குள் நரிகள் வருகின்றன. ஆனால் குதிரைகளாகத்தான் வர முடிகிறது. இரவில் சுயரூபம் பெற்று, லாயத்தில் ஊளையிட்டு, ஊரைக் கலக்குகின்றன. ஊருக்குள் நரி என்றால் ஏதோ தலைகீழாகிவிட்டது என்பது அதற்கு அர்த்தம். 1826-ல் தாண்டவராய முதலியார் பஞ்சதந்திரத்தை மராத்தியிலிருந்து வசனமாக்கினார். அந்தக் கதைகளின் மந்திரி நரிகள் இந்தியக் காட்டு நரிகள். பின்னால் பள்ளிக்கூடப் பாடப் புத்தகங்கள் வழியாக ஈசாப்பின் நரி வந்து சேர்ந்தது. திராட்சைக்கு ஏங்கிய அது கிரேக்கத்துச் செந்நரி. இரண்டு பிராணிகளும் ஒரே சொல்லுக்குள் அடைக்கப்பட்டு, தந்திரம் என்ற ஒரே குணம் மிஞ்சியது. நம் கவிதைகள் எடுத்துப் புழங்குவது இந்த மிச்சத்தைத்தான். இடுகாட்டு நரியின் ஊளையைக் கொஞ்சம் மேலே தூவிக்கொள்கிறோம், அவ்வளவே. மற்றவர்களைச் சொல்லவில்லை. என்னைச் சொல்கிறேன்.

என் விஷயத்தில் குற்றம் இன்னும் பெரிது. நான் பிறந்தது சேலத்துக்குக் கிழக்கே, வாழப்பாடிப் பக்கம். அங்கே பொங்கலையொட்டி வங்கா நரி பிடிப்பார்கள். கரட்டில் வலை கட்டி, நரியை உயிரோடு பிடித்து, கயிறு கட்டி, மேளத்தோடு ஊருக்குள் கொண்டுவந்து கோயிலைச் சுற்றவிடுவார்கள். நரி ஜல்லிக்கட்டு என்று அதற்குப் பெயர். நரி முகத்தில் விழித்தால் அந்த வருஷம் வெள்ளாமை நன்றாக இருக்கும் என்பதற்காக ஊரே கூடி விழிக்கும். பிறகு பிடித்த கரட்டிலேயே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் இது குற்றம். வனத்துறை அபராதம் விதித்த செய்திகள் பொங்கலுக்குப் பொங்கல் வருவதுண்டு. நான் சொல்லவந்தது வேறு. அந்த வங்கா நரி ஊளை நரி அல்ல. மெலிந்த கால்களும் பெரிய காதுகளும் கருநுனி வாலும் கொண்ட, லண்டன் நரிக்கு நேர் ஒன்றுவிட்ட தம்பியான பிராணி. குள்ளநரி என்றும் சொல்வார்கள். ஆனால் அந்தச் சொல்லைச் சிலர் இதற்கும் சிலர் அதற்கும் பயன்படுத்துவதால் உதவியில்லை. அப்பாவின் தோளில் உட்கார்ந்து அதன் முகத்தில் நான் பலமுறை விழித்திருக்கிறேன். பயத்தில் அது கண்ணை இடுக்கிக்கொண்டு காதைப் பின்னுக்கு மடித்திருந்தது இன்றும் ஞாபகம் இருக்கிறது. கண்ணுக்கு இத்தனை தெரிந்திருந்தும், லண்டன் தெருவில் அதன் உறவினரைக் கண்டபோது கை எழுதியது ‘ஊளை’ என்று.

இந்தப் பிழையில் வெள்ளைக்காரன் எனக்குத் துணை. ஊட்டியில் 19-ம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து வேட்டைச் சங்கம் ஒன்று இருந்தது. இங்கிலாந்திலிருந்து வேட்டை நாய்கள் வந்தன. சிவப்புக் கோட்டு, கொம்பு, குதிரை, எல்லாம் வந்தன. வராதது நரி ஒன்றுதான். அதனால் நீலகிரியின் புல்வெளிகளில் நம் ஊளை நரியைத் துரத்தினார்கள். அவர்கள் தங்கள் பிராணியின் இடத்தில் நம் நரியை வைத்தார்கள். நூறு வருஷம் கழித்து நான் லண்டனில் அவர்கள் பிராணியின் இடத்தில் நம் நரியை வைத்தேன். ஒரு வித்தியாசம் உண்டு: தாங்கள் துரத்துவது மாற்று என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அவர்கள் ஊரிலேயே அவர்களுக்கும் நரிக்கும் உள்ள உறவு விசித்திரமானது. 1566-ல் எலிசபெத் காலத்துச் சட்டம் ஒரு நரித்தலைக்குப் பன்னிரண்டு பென்ஸ் விலை வைத்தது; மாதா கோயில் நிர்வாகிகள் எண்ணி எண்ணிக் கொடுத்தார்கள். காடு அழிந்து மான் குறைந்தபோது நரிக்குப் பதவி உயர்வு கிடைத்தது. லெஸ்டர்ஷயரில் ஹ்யூகோ மெய்னல் 1753-ல் தொடங்கி அரை நூற்றாண்டு வேகமான நாய்களை வளர்த்து வேட்டையை ஒரு சாஸ்திரமாக்கினார். அதன்பின் நரியைத் துப்பாக்கியால் சுடுவது, கனவான்கள் மத்தியில், சாதிப்பிரஷ்டத்துக்கு உரிய குற்றம். அது ஒளிந்துகொள்ளப் புதர்களை நட்டு வளர்த்தார்கள். 19-ம் நூற்றாண்டில் போதாமல் போகவே ஐரோப்பாவிலிருந்து கப்பலில் இறக்கி, லண்டன் லெடன்ஹால் சந்தையில் விற்றார்கள். தலைக்கு விலை வைத்துக் கொன்ற பிராணியையே காசு கொடுத்து வாங்கிக் காட்டில் விட்டுப் பிறகு துரத்தியிருக்கிறார்கள். சுதேசி நரி, அந்நிய நரி என்ற பேச்சையெல்லாம் அந்தச் சந்தையிலேயே புதைத்தாகிவிட்டது. நாய்களைக்கொண்டு வேட்டையாடுவது 2004-ன் சட்டத்தால், 2005 பிப்ரவரியிலிருந்து, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நின்றது.

அதற்கு வெகுகாலம் முன்பே நரி நகரவாசியாகிவிட்டது. இங்கேதான் பொதுவாக நம்பப்படும் கதை தவறு. காடு அழிந்ததால் பசியோடு ஊருக்குள் புகுந்தது என்பார்கள். உண்மையில் ஊர்தான் அதற்குத் தோதாகக் கட்டப்பட்டது. முதல் யுத்தம் முடிந்தபின், 1919-க்கும் 1939-க்கும் இடையில், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறக்குறைய நாற்பது லட்சம் வீடுகள் எழும்பின. ஏக்கருக்குப் பன்னிரண்டு வீடு என்று 1918-ல் ட்யூடர் வால்டர்ஸ் குழு சொன்ன கணக்கு. லண்டனின் வடமேற்கே ரயில் கம்பெனியே நிலம் வைத்திருந்தது. 1915 முதல் அப்பகுதியை ‘மெட்ரோலாண்ட்’ என்று விளம்பரம் செய்து மனிதர்களைக் குடியேற்றியது. இரண்டிரண்டாக ஒட்டிய வீடுகள், முன்னால் வேலி, பின்னால் நீண்ட தோட்டம், தோட்டக் கோடியில் மரப்பலகை ஷெட், அதற்கும் பின்னால் ரயில்பாதைக் கரை. 1939-ல் யுத்தம் வந்து கட்டுமானம் நின்றது. பிறகு பச்சை வளையச் சட்டதிட்டங்கள் நகரத்தை அதே இடத்தில் நிறுத்தின. முப்பதுகளின் அந்த வீட்டு வளையம் அப்படியே உறைந்துபோயிற்று.

நரிக்கு இதைவிட என்ன வேண்டும்? ஷெட்டுக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி. மார்ச்சில் அங்கே குட்டி போடும். மழை இரவில் புல்தரையில் மண்புழு. வேலியடியில் விழுந்த ஆப்பிள். ரயில்கரை, ஆள் நடக்காத ராஜபாட்டை. டீகிள் என்பவர் 1967-ல் லண்டன் புறநகர் நரிகளைப்பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார், ‘லண்டன் நேச்சுரலிஸ்ட்’ பத்திரிகையில். பிறகு ஸ்டீபன் ஹாரிஸ் லண்டனிலும் பிரிஸ்டலிலும் வருஷக்கணக்காக ஆராய்ந்தார். செத்த நரிகளின் இரைப்பையைத் திறந்து பார்த்து 1981-ல் எழுதினார். புழு, பழம், பறவை, பூச்சி, மனிதர்கள் எறிந்ததும் வேண்டுமென்றே வைத்ததும். குப்பைத்தொட்டிக் கொள்ளையன் என்ற பேருக்கு இரைப்பை சாட்சி சொல்லவில்லை. அவர் கண்ட இன்னொன்று என்னை அதிகம் தொட்டது: நரிகள் அதிகம் இருந்தது பெரிய பூங்காக்களின் பக்கமோ வயல்வெளி ஓரமோ அல்ல, இரண்டு யுத்தங்களுக்கு நடுவில் கட்டிய, சொந்தக்காரர்கள் குடியிருக்கும் தோட்ட வீடுகளில். விக்டோரியா காலத்து ஒட்டு வீட்டு வரிசைகளில் குறைவு, முற்றம் போதாது. நரியின் வரைபடமும் கட்டடக் காண்டிராக்டரின் வரைபடமும் ஒன்றின்மேல் ஒன்று படிந்துவிடுகின்றன.

அதன் வாழ்க்கை சொகுசு என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலானவை இரண்டு வயதைத் தாண்டுவதில்லை. கார்தான் முதல் எமன். 1994-ல் பிரிஸ்டலில் சொறிநோய் புகுந்து இரண்டே வருஷத்தில் நூற்றுக்கு தொண்ணூற்றைந்துக்கு மேல் கொன்றது. மயிர் உதிர்ந்து, தோல் வெடித்து, பகலில் நடைபாதையில் தள்ளாடிச் சாகும் நரியை நான் லண்டனிலேயே பார்த்திருக்கிறேன். அந்த அளவுக்குக் கொடூரமான காட்சியை எந்தப் படிமமும் தாங்காது.

2010 ஜூனில் கிழக்கு லண்டன் ஹாக்னியில், மாடியறையில் தூங்கிக்கொண்டிருந்த ஒன்பது மாத இரட்டைக் குழந்தைகளை நரி கடித்தது. குழந்தைகள் பிழைத்தன. அது நடந்தது உண்மை. அந்தத் தாயின் பயத்தை யாரும் லேசாகப் பேசக் கூடாது. ஆனால் தொடர்ந்த வாரங்களில் பஸ்ஸிலும் கடையிலும் காதில் விழுந்த பேச்சு நரியைப் பற்றியதாக மட்டும் இல்லை: பெருத்துவிட்டார்கள், பயமே போய்விட்டது, முன்பெல்லாம் இப்படி இல்லை. ‘விட்டன’ என்று நான் எழுதியிருக்க வேண்டும். காதில் விழுந்தபடி எழுதுகிறேன்.

1983 ஜூலைக்குப் பின் இந்த வளைய வீடுகளுக்குத்தான் ஈழத்துத் தமிழர்கள் நிறையப்பேர் வந்தார்கள். எங்கள் ஹாரோவிலும் அப்படியே. பக்கத்து வீட்டு அம்மாள் யாழ்ப்பாணம். சனிக்கிழமை விரதம் தவறாது. காகத்துக்கு ஒரு பிடி சோறு வைத்தபின்தான் சாப்பாடு. புல்தரை ஓரத்துச் சிமெண்ட் கல்லில் சோறு, பருப்பு, ஒரு சொட்டு நெய். ஹாரோவுக் காகங்கள் சங்கோசம் மிக்கவை. போன பங்குனியில், பட்டப்பகல், நரி வந்தது. பால் வைத்த மடியோடு ஒரு தாய். சோற்றை நக்கி முடித்து, வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த என்னை நிமிர்ந்து பார்த்தது. பத்தடி தூரம் இருக்கும். காதை மடிக்கவில்லை. கண்ணை இடுக்கவில்லை. பிறகு ஷெட்டுக்குக் கீழே போய்விட்டது.

அம்மாள் சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

“காகத்துக்கு வைச்ச சோத்தை நரி திண்டிட்டுது அண்ணை. இது கூடுமோ கூடாதோ?”

எங்கள் ஊரில் நரி முகத்தில் விழித்தால் அதிர்ஷ்டம் என்பார்கள், ஒன்றும் கெடுதல் இல்லை என்றேன். வலையையும் கயிற்றையும் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் ஷெட்டைப் பார்த்தபடி நின்றார். “அது உங்கட ஊர் நரியெல்லோ. இது வேறை” என்றார்.

அடுத்த சனிக்கிழமை சோறு ஷெட் கூரைமேல் இருந்தது. நரி கூரை ஏறும் என்பதை நான் அவரிடம் இன்னும் சொல்லவில்லை.