ஊக்கமில்லை என்ற பழி

எடைக் குறைப்புச் சிகிச்சை பலிக்காதபோது, ‘அவருக்கு ஊக்கம் போதவில்லை’ என்று நோயாளியின் தலையில் பழியைக் கட்டிவிடுகிறோம். பெண்ணாடம், விருத்தாசலம் வட்டாரத்தின் வரலாற்றுக்கு முன்னால் அந்தப் பழி நிற்காது. போன தலைமுறை வரை இங்கே கரும்பு வெட்டியவருக்கும், களிமண்ணைக் காலால் மிதித்துப் பதப்படுத்திய குயவருக்கும் உடற்பயிற்சி என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை. இன்று விருத்தாசலம் பீங்கான் பட்டறைகளில் மண்ணை இயந்திரம் அரைத்துத் தருகிறது. குழம்பை அச்சில் ஊற்றி, இறுகியதும் பொம்மையை எடுத்துப் பிசிறு சீவுவது உட்கார்ந்த இடத்து வேலை. பழைய ஒல்லி உடம்பில் பசிக்கும் பங்கு உண்டு. அந்தக் காலத்துக்காக ஏங்க வேண்டியதில்லை. ஆனால் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, எடை மிகுந்த தமிழகப் பெண்கள் 2015-16இல் 30.9 சதவீதம், 2019-21இல் 40.4 சதவீதம். சில ஆண்டுகளுக்குள் இத்தனை பேருக்கு ஒருசேர மனவுறுதி கெட்டுவிடுமா?

சிகிச்சையின் வரலாறும் இதையே கேட்கிறது. நீரிழிவு மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழு நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேரை மூன்றாண்டு கவனித்து 2006இல் முடிவை வெளியிட்டது. வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்தது. உணவுக்கும் நடைக்கும் தொடர்ந்து வழிகாட்டப்பட்டவர்களில் 39.3 சதவீதம் பேருக்குத்தான். இத்தனைக்கும் அவர்கள் எடை குறையவில்லை! தராசை மட்டும் பார்த்திருந்தால் அவர்களையும் ஊக்கமற்றவர்கள் என்றே எழுதியிருப்போம்; அதைக் கேட்டவர் நடப்பதையே நிறுத்தியிருப்பார். 2013இல் வந்த அடுத்த ஆய்வு, ஒவ்வொருவரும் மனமாற்றத்தின் எந்தப் படியில் நிற்கிறார் என்று பார்த்து அதற்கேற்பக் கைபேசிக் குறுஞ்செய்தி அனுப்பியது. செய்தி பெற்றோரில் இரண்டாண்டில் நீரிழிவு கண்டவர்கள் 18 சதவீதம். செய்தி பெறாதோரில் 27. ஊக்கத்தை நோயாளி வீட்டிலிருந்து கொண்டுவரட்டும் என்று காத்திராமல், அதைச் சிகிச்சையின் பகுதியாகவே வைத்தார்கள்.

‘ஒரே தெருவில் ஒருவர் இளைக்கிறார், இன்னொருவரால் முடியவில்லையே, அது மனவுறுதி இல்லையா?’ என்று கேட்கலாம். மனவுறுதி பொய்யல்ல. ஆனால் எடை குறைந்து ஓராண்டான பிறகும் பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் உயர்ந்தே இருப்பதை 2011இல் மெல்போர்ன் ஆய்வு காட்டியது. அந்தப் பசியோடு வேலைநேரமும் சம்பளமும் வீட்டுச் சமையலும் சேர்ந்துகொள்கின்றன. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற தமிழக அரசுத் திட்டம், ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது. எடை மிகுந்தவரிடமும் அதே வாசலில் மாதம் ஒருமுறை இடுப்பளவு எடுத்து, போன மாதம் எது தடையாக இருந்தது என்று கேட்டுக் குறிக்கலாம்.