போர்க்காலப் படச் சிறுநூல்கள்: சேகரிப்பும் வரலாற்றுச் சான்றும்

இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய அரசு தன் மக்களுக்கெனப் போர் பற்றிய சிறுநூல்கள் பலவற்றை வெளியிட்டது. ‘தி பேட்டில் ஆஃப் பிரிட்டன்’ (1941), ‘பாம்பர் கமாண்ட்’ (1941), ‘ஃபிரண்ட் லைன்’ (1942) ஆகியன அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. குறைந்த விலையில் பெருந்தொகையாக விற்ற இந்நூல்களைப் பழைய நூல் சேகரிப்போர் இன்றும் தேடி வாங்குகின்றனர். வரலாற்றுச் சான்று என்ற வகையில் இவற்றின் மதிப்பு யாது என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

முதலில் ‘தி பேட்டில் ஆஃப் பிரிட்டன்’ நூலை நோக்குவோம். 1940ஆம் ஆண்டு நிகழ்ந்த வான்போரைக் கூறும் இந்நூலை எழுதியவர் ஹிலரி செயின்ட் ஜார்ஜ் சான்டர்ஸ். எனினும் அவர் பெயர் நூலில் இடம்பெறவில்லை. அதைவிட வியப்பிற்குரியது, அப்போரை வழிநடத்திய படைத்தலைவர் ஹியூ டவுடிங்கின் பெயரும் அதில் இல்லாமையாகும். பிரதமர் சர்ச்சில் இதனை அறிந்து விமானப்படை அமைச்சைக் கடிந்துகொண்டார். அப்போர் ஆகஸ்ட் 8ஆம் நாள் தொடங்கியதாக நூல் கூறுகிறது. ஆனால் பின்னாளில் பிரித்தானியர் ஏற்றுக்கொண்ட தொடக்க நாள் ஜூலை 10 ஆகும்.

அடுத்து, ‘பாம்பர் கமாண்ட்’ நூலைக் காண்போம். 1941 ஜூலை வரையிலான குண்டுவீச்சுத் தாக்குதல்களைப் படங்களுடன் விளக்கும் இந்நூல், படிப்போர் உள்ளத்தில் நம்பிக்கையை விதைக்கிறது. ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில் அரசிடம் அளிக்கப்பட்ட பட் அறிக்கை வேறொன்றைக் கூறியது. ஜூன், ஜூலை மாத இரவுத் தாக்குதல்களின்போது விமானங்களிலிருந்தே எடுக்கப்பட்ட அறுநூறுக்கும் மேற்பட்ட நிழற்படங்களை ஆராய்ந்து எழுதப்பட்டது அவ்வறிக்கை. இலக்கைத் தாக்கியதாகப் பதிவான விமானங்களுள் மூன்றில் ஒன்றே இலக்கிற்கு ஐந்து மைல் தொலைவிற்குள் சென்றிருந்தது என்பது அதன் முடிவு. அறிக்கை மறைவாக வைக்கப்பட்டது. நூலோ கடைகளில் விற்பனையாயிற்று. மக்களுக்குக் காட்டிய படங்களும் காட்டாது மறைத்த படங்களும் ஒரே படைப்பிரிவினுடையவை என்பதை நாம் கருத வேண்டும்.

இதனால் இந்நூல்கள் பயனற்றவை என்று கொள்ளுதல் பொருந்தாது. போர் எவ்வாறு நடந்தது என்பதற்கு இவை முழுமையான சான்றாகமாட்டா. மக்கள் அதனை எவ்வாறு அறியவேண்டும் என அரசு விரும்பியது என்பதற்கு இவையே நேர்ச்சான்று.

எனவே, சேகரிப்போர் படங்களை மட்டும் வெட்டியெடுத்துத் தாளேட்டில் ஒட்டிவைத்தல் சான்றைச் சிதைக்கும் செயலாகும். படத்தையும் விளக்கக் குறிப்பையும் பிரிக்காது, அட்டை, விலை, பதிப்பாண்டு ஆகியவற்றோடு நூலை முழுமையாகப் பாதுகாத்தல் வேண்டும். ஒரே நூலின் வெவ்வேறு பதிப்புகளை ஒப்பிடுதலும் பயன்தரும். வகுப்பறையில் இத்தகைய படமொன்றைக் காட்டும் ஆசிரியர், இதனை வெளியிட்டவர் யார், யாருக்காக வெளியிட்டார், எதனைக் கூறாது விட்டார் என்னும் மூன்று வினாக்களையும் உடன் எழுப்புவாராயின், மாணவர்க்குப் போர் வரலாற்றோடு சான்றை ஆராயும் முறையும் கைவரும் எனலாம்.