அஸ்ஸாயே ரோடும் உடைந்துபோன படகு வண்டிகளும்

பெங்களூரு காக்ஸ் டவுன்காரர்களுக்கு அஸ்ஸாயே ரோடு என்றால் அல்சூர் ஏரிப் பக்கம் போகிற வழி, அவ்வளவுதான். காக்ஸ் என்பது துரையின் பெயர். கன்டோன்மென்ட்டில் கலெக்டராக இருந்தவர். அதே கணக்கில் அஸ்ஸாயேவும் ஒரு துரை என்று பேட்டையில் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது துரை இல்லை, ஊர். இன்றைய மகாராஷ்டிராவின் ஜால்னா மாவட்டத்தில் இருக்கிறது. 1803 செப்டம்பர் 23 அன்று ஆர்தர் வெல்லெஸ்லி (பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற வெல்லிங்டன் பிரபு) மராட்டியப் படையோடு மோதிய இடம்.

அந்தப் படையெடுப்புக்குள் ஒரு படகு வண்டிக் கதை இருக்கிறது. நான் இப்போது இருக்கும் மினசோட்டாவில் கோடை வந்தால் பாதித் தெரு படகை இழுத்துக்கொண்டு ஏரிக்குக் கிளம்பும். நம்ம ஆட்களும் படகு வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். அதனால்தான் இந்தக் கதையைச் சொல்லத் தோன்றியது.

வெல்லெஸ்லி மழைக்காலத்துக்குப் பயப்படவில்லை. அதற்காகக் காத்திருந்தார் என்றே சொல்லலாம். ஆறுகள் நிரம்பி ஓடினால் மராட்டியக் குதிரைப்படை கரையிலேயே நிற்கும். தன்னிடம் படகு இருந்தால் தான் மட்டும் கடக்கலாம் என்பது அவர் கணக்கு. இதற்காகப் பம்பாயிலிருந்து பாலம் கட்டும் மிதவைப் படகுகளை வண்டிகளில் ஏற்றி அனுப்பச் சொன்னார். வண்டிகள் கிளம்பும்போது மழை பிடித்துக்கொண்டது. பன்வெல்லைத் தாண்டி வெகுதூரம் போவதற்குள் சேற்றிலும் பள்ளத்திலும் சிக்கி உடைந்தன. படகுக்கு ஒன்றும் ஆகவில்லை, சுமந்த வண்டிதான் போயிற்று!

அவரைக் காப்பாற்றியது நம்ம ஊர்ப் பரிசல். மைசூர்ப் பக்கம் இருந்த காலத்திலேயே அதன் அருமை அவருக்குத் தெரியும். மூங்கிலைப் பின்னி, மாட்டுத்தோல் போர்த்தினால் படகு தயார். ஆற்றங்கரையிலேயே செய்துகொள்ளலாம், இழுத்துக்கொண்டு வர வேண்டாம். கோதாவரியை அவர் படை அப்படித்தான் கடந்தது. அஸ்ஸாயேவில் கைத்னா ஆற்றைக் கடக்கும்போது பரிசலும் தேவைப்படவில்லை. எதிரெதிர்க் கரைகளில் இரண்டு கிராமங்களைப் பார்த்ததும், நடுவில் ஆள் இறங்கிப் போகும் துறை ஒன்று இருந்தே தீரும் என்று ஊகித்தார். இருந்தது.

அந்தப் போரில் மதராஸ் பயனியர்களும் இருந்தார்கள். 1780-ல் இரண்டு கம்பெனிகளாகத் தொடங்கிய அந்தப் படைதான் பிறகு மதராஸ் சாப்பர்ஸ் ஆயிற்று. அல்சூர் ஏரிக்கரையில் இன்றும் இருக்கும் எம்.ஈ.ஜி. அதுதான். அதன் வீரர்களுக்கு "தம்பி" என்று செல்லப்பெயர். போரின் பெயர் ரோட்டுக்கு வந்துவிட்டது. பரிசல் பின்னியவர்களின் பெயர் எந்தத் தெருவிலும் இல்லை.

பின்னால் வந்த ராணுவப் பொறியாளர்களும் இதே சிக்கலோடுதான் மல்லுக்கட்டினார்கள். 1920களின் கடைசியில் பிரிட்டிஷ் படை ஒட்டுப்பலகையில் மடக்குப் படகு செய்தது. தட்டையாக மடித்து லாரியிலோ ட்ரெய்லரிலோ அடுக்கலாம். 1944 டிசம்பரில் பர்மாவின் கலேவாவில் சிந்த்வின் ஆற்றின்மேல் 1,154 அடி நீளத்துக்கு மிதவைப் பாலம் போட்டார்கள். அதன் ஒவ்வொரு துண்டும் மோசமான காட்டுப் பாதையில் உருண்டு வந்ததுதான்.

சரி, இதில் நமக்கு என்ன? பன்வெல் பாடம் இன்றும் அப்படியே பொருந்தும். எல்லோரும் படகைத் துடைத்துப் பளபளப்பாக வைக்கிறார்கள். அடியில் இருப்பதைக் குனிந்து பார்ப்பதில்லை. நெடுஞ்சாலையில் ட்ரெய்லர் கழன்றால் பின்னால் வரும் காரில் இருப்பது யாரோ ஒருவருடைய குடும்பம்.

முதலில் சக்கரக் குடம். நெடுஞ்சாலையில் ஓடிச் சூடான பேரிங்கை அப்படியே குளிர்ந்த ஏரியில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும்; சீல் தேய்ந்திருந்தால் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். கிரீஸ் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். இறக்குமுன் கொஞ்ச நேரம் ஆறவிடுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை பிரித்துப் பாருங்கள். பாட்டன் காலத்து மாட்டுவண்டிக்கு மை போட்ட அதே வேலைதான் :-)

அடுத்தது எடை. ஏர்க்கால் முனையில், அதாவது ஹிட்ச் பந்தின் மேல், மொத்த எடையில் ஏறக்குறைய 10 சதவீதம் இறங்க வேண்டும். பின்பாரம் கூடினால் ட்ரெய்லர் பாம்பு போல் நெளிய ஆரம்பிக்கும். பந்தின் அளவையும் பாருங்கள். ஐரோப்பாவில் 50 மில்லிமீட்டர்; இங்கே மூன்று அளவுகள் புழக்கத்தில் உண்டு. சிறிய பந்தில் பெரிய கவ்வியை மாட்டினால் மாட்டியது போலவே தெரியும், மேடு ஏறி இறங்கும்போது கழன்றுவிடும். பாதுகாப்புச் சங்கிலிகளை ஏர்க்காலுக்கு அடியில் குறுக்காக மாட்டுங்கள்; முனை கழன்றாலும் சாலையில் குத்தாமல் அதில் தாங்கி நிற்கும்.

டயரில் பட்டன் தேயவில்லை என்று நம்பி இருந்துவிடாதீர்கள். ட்ரெய்லர் டயர் ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவதுதான் அதிகம். பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கம் அது தயாரான வாரமும் வருஷமும்.

வலுப்படுத்துகிறேன் என்று கண்ட இடத்தில் இரும்பை ஒட்டாதீர்கள். கூடுதல் இரும்பும் பாரம்தான். அச்சின் தாங்குதிறன் அதனால் கூடாது. விரிசல் பெரும்பாலும் ஸ்பிரிங் மாட்டும் இடத்திலும் ஏர்க்கால் சட்டத்தோடு சேரும் இடத்திலும்தான் வரும். துத்தநாகம் பூசிய சட்டத்தில் வெல்டிங் வைத்தால் விஷப்புகை வரும். பூச்சும் எரிந்துபோய் அங்கேயே துரு பிடிக்கும். தெரிந்த பட்டறைக்காரரிடம் விடுவதே நல்லது.

படகு நிலத்தில் ஓடாது என்று வள்ளுவர் எப்போதோ சொல்லிவிட்டார். ஓட்டித்தான் ஆகவேண்டும் என்றால் கிளம்புமுன் பத்து நிமிஷம் சக்கரத்தோடு செலவழியுங்கள். வெல்லெஸ்லிக்குப் பரிசல் கிடைத்தது. நெடுஞ்சாலையில் நமக்கு அது கிடைக்காது.