நலம் விசாரித்தவர்கள்

சித்திரவதையைப் பற்றி நம் மொழியில் எழுதப்பட்டது கொஞ்சமில்லை. எந்த ஸ்டேஷன், எந்த முகாம், அடித்தவன் யார், எதை எடுத்து அடித்தான் என்பதெல்லாம் ஓரளவுக்குப் பதிவாகியிருக்கிறது. அடிபட்டவர் உயிரோடு வெளியே வந்த பிறகு அவர் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர்கள் யார் என்பதுதான் அவ்வளவாக எழுதப்படவில்லை. அப்படி உட்கார்வதையே வேலையாக எடுத்துக்கொண்டவர்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. ரொம்பப் பழைய வரலாறில்லை, அரை நூற்றாண்டுதான். அதில் லண்டனில் நடந்த ஒரு பகுதியை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். அந்தக் கதவைத் தட்டியவர்களில் ஈழத்தமிழர்கள் ஏராளம் என்பதால் அது நம் வரலாறும்கூட.

முதலில் ஒரு சொல்லைப் பார்த்துவிடலாம். 'போலீஸ் கூட்டிட்டுப் போய் விசாரிக்கிறாங்க' என்றாலும் விசாரிப்பதுதான். 'அம்மா ரொம்ப விசாரிச்சாங்கன்னு சொல்லு' என்றாலும் விசாரிப்பதுதான். 'கேட்பது' என்ற சொல்லும் அப்படியே. கேள்வி போடுவதும் கேட்பது, காது கொடுப்பதும் கேட்பது. முகாமில் ஒருத்தன் கேட்டான். பிறகு புகலிடம் தேடிப் போன நாட்டில் குடிவரவு அதிகாரி கேட்கிறார். பிறகு மருத்துவர் கேட்கிறார். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு இந்த மூன்றும் ஒரே கேள்வியாகத்தான் காதில் விழும். அந்த ஒற்றுமையை உடைப்பதுதான் இந்த அமைப்புகளில் வேலை செய்பவர்களின் முதல் வேலை. சொல்வதற்கு லேசு.

ஹெலன் பாம்பர் 1925இல் லண்டனில் பிறந்தவர். போலந்து வழிவந்த யூதக் குடும்பம். வீட்டில் அப்பா ஹிட்லரின் புத்தகத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டுவாராம், என்ன வரப்போகிறது என்று பிள்ளைக்குத் தெரியட்டுமே என்று. 1945 ஏப்ரல் 15இல் பிரிட்டிஷ் படை பெர்கன்-பெல்சன் வதைமுகாமுக்குள் நுழைந்தது. அதே வருஷம் யூத நிவாரணக் குழு ஒன்றோடு சேர்ந்து ஹெலன் அங்கே போனார். வயசு இருபது. மருத்துவரில்லை, நர்ஸும் இல்லை. அங்கே பிழைத்துக்கிடந்தவர்கள் அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டு பேசினார்கள். பேசினார்கள் என்பதைவிட, வாந்தி எடுப்பதுபோல வெளியே கொட்டினார்கள் என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். அந்தப் பெண்களில் பலர் பிழைக்கமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். கொடுப்பதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை. கடைசியில் ஒன்றே ஒன்றைத்தான் வாக்காகக் கொடுத்தார்: நீ சொன்னதை நான் சொல்லுவேன்.

இதைப் பெரிய மனசு, கருணை என்றெல்லாம் எழுதிவிடலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. சாகப்போகிறவளுக்கு அந்த நேரத்தில் வேண்டியது கருணை இல்லை, சாட்சி. ஒரு இருபது வயசுப் பெண் அதைக் கண்டுபிடித்ததுதான் இங்கே முக்கியம்.

1947இல் லண்டன் திரும்பினார். வதைமுகாம்களிலிருந்து வந்த எழுநூறுக்கும் மேற்பட்ட அநாதைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட குழுவில் வேலை செய்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்த குழந்தையோடு தாயும் தங்கலாம் என்ற உரிமைக்காகப் போராடியவர்களில் ஒருவர். அம்னெஸ்டி இன்டர்நேஷனல் 1961இல் தொடங்கியபோதே சேர்ந்துகொண்டார். 1973 செப்டம்பர் 11இல் சிலியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அங்கிருந்து தப்பி வந்தவர்களின் உடம்பைப் பார்த்த மருத்துவர்களுக்கு, தாங்கள் படித்த பாடப்புத்தகத்தில் இது இல்லை என்பது உறைத்தது. 1974இல் அம்னெஸ்டியின் பிரிட்டிஷ் பிரிவில் மருத்துவக் குழு உருவானபோது அதன் செயலாளர் ஹெலன். அதே சமயத்தில் டென்மார்க்கில் இங்கெ கெனெஃப்கெ என்ற நரம்பியல் மருத்துவரும் சில தோழர்களும் இதே வேலையைத் தொடங்கியிருந்தார்கள். 1982இல் கோபன்ஹேகனில் சித்திரவதைக்குள்ளானவர்களுக்கென்றே ஒரு மறுவாழ்வு மையம் அவரால் உருவானது.

மருத்துவர்கள் என்றாலே நம் பக்கம் என்று நினைத்துவிடக்கூடாது. சித்திரவதை அறையிலும் ஒரு மருத்துவர் இருப்பார். நாடி பார்ப்பார். 'இன்னும் தாங்குவான், நிறுத்த வேண்டாம்' என்று சொல்வது அவர் வேலை. இது அங்கங்கே நடந்த காரியம் இல்லை, பல நாடுகளில் வழக்கமாகவே இருந்தது. அதனால்தான் 1975இல் உலக மருத்துவக் கழகம் டோக்கியோவில் கூடி, எந்த மருத்துவரும் சித்திரவதைக்குத் துணைபோகக்கூடாது என்று பிரகடனம் செய்ய வேண்டிவந்தது. அடிபட்டு வந்தவர் வெள்ளைக் கோட்டைப் பார்த்து நடுங்கினால் அதற்கு இப்படி ஒரு நியாயம் இருக்கிறது. கோபன்ஹேகன்காரர்கள் இதைச் சீக்கிரமே புரிந்துகொண்டார்கள். இதயத்துடிப்பைப் பதிவதற்கு நெஞ்சில் ஒயர் ஒட்டினால் மின்சாரம் பாய்ச்சப்பட்டவருக்கு என்ன ஞாபகம் வரும்? பல் வைத்தியரின் நாற்காலியில் படுக்கவைத்து முகத்தில் விளக்கடித்தால்? நீண்ட நேரம் வெளியே காத்திருக்க வைத்தால்? ஒவ்வொன்றையும் முன்கூட்டியே சொல்லி, சம்மதம் கேட்டுத்தான் செய்ய வேண்டும். 'வேண்டாம்' என்று சொன்னால் நிறுத்திவிட வேண்டும். 'வேண்டாம்' என்ற சொல்லுக்கு மறுபடியும் ஒரு மதிப்பு உண்டு என்று அந்த உடம்புக்குத் தெரிய வைப்பதே வைத்தியத்தில் பாதி.

1985இல் ஹெலன் பாம்பர் அம்னெஸ்டியிலிருந்து வெளியே வந்து, சித்திரவதைக்குள்ளானோருக்கான மருத்துவ அறக்கட்டளையைத் தொடங்கினார். ஹாம்ப்ஸ்டெட் சாலையில் மதுவிலக்கு இயக்கத்தார் கட்டிய பழைய ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் இடம். நன்கொடையில் ஓடிய அமைப்பு. சம்பளம் வாங்குபவர் கொஞ்சம், சும்மா வந்து உழைத்த மருத்துவர்கள் நிறைய. தொடங்கியவர்களில் ஒருவரான ஜான் ஷ்லாபோபெர்ஸ்கி தென்னாப்பிரிக்காவில் 1969இல் நிறவெறி அரசின் போலீசால் பிடிக்கப்பட்டவர். ஐந்து நாள் இரவும் பகலும் தூங்கவிடாமல் ஒரு செங்கல்மேல் நிற்க வைக்கப்பட்டவர். பிற்பாடு மனநலச் சிகிச்சையாளர் ஆனார். அந்த நாற்காலியில் உட்கார்ந்து கேட்டவர்களில் சிலர் ஏற்கெனவே எதிர் நாற்காலியில் இருந்தவர்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும். அவர்கள் 'வாடிக்கையாளர்' என்று ஒரு சொல்லை அங்கே புழங்குவார்கள். எனக்கு அந்தச் சொல் ருசிக்கவில்லை. ஆனாலும் 'நோயாளி' என்று சொல்ல மறுத்ததில் அர்த்தம் இருக்கிறது. நோய் அவர்களுக்கு இல்லையே.

மருத்துவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பக்கத்து நாற்காலியை மறந்துவிடுகிறார்கள். மொழிபெயர்ப்பாளர். தமிழில் ஒருவர் சொல்கிறார், 'என்னைத் தலைகீழாக் கட்டித் தொங்கவிட்டவங்கள்' என்று. மொழிபெயர்க்கிறவர் 'இவரைக் கட்டினார்களாம்' என்று சொல்லக்கூடாது. தன்னிலையில்தான் சொல்ல வேண்டும்: என்னைக் கட்டினார்கள், என்னை எரித்தார்கள், நான் கத்தினேன். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று பேருடைய 'நான்' அவர் வாய் வழியாகப் போகும். சாயங்காலம் வீட்டுக்குப் போய் அவர் தன்னுடைய 'நான்' எங்கே என்று தேட வேண்டும். சிகிச்சையாளருக்காவது பேசி இறக்கி வைக்க மேற்பார்வையாளர் ஒருவர் உண்டு. மொழிபெயர்ப்பாளருக்கும் அப்படி ஒருவர் வேண்டும் என்பது இந்தத் துறையில் தாமதமாகத்தான் உறைத்தது.

அதோடு மொழி வெறும் மொழி இல்லை. யாழ்ப்பாணத்து ஆள் 'கரைச்சல் குடுத்தவங்கள்' என்று சொல்லி நிறுத்திக்கொள்வார். கரைச்சல் என்றால் தொந்தரவு. அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் என்ன கிடக்கிறது என்பது பக்கத்தில் இருக்கிற தமிழருக்குத் தெரியும், வெள்ளைக்கார மருத்துவருக்குத் தெரியாது. விளக்கிச் சொன்னால் சொல்லாததைச் சொன்னதாகிவிடும், சொல்லாமல் விட்டால் காயம் காகிதத்துக்கு வராது. இன்னொன்று, தமிழரும் தமிழரும் ஒரே அறையில் உட்கார்ந்தால் முதலில் வருவது 'நீங்கள் எந்த இடம்?' என்பது. நம் ஆட்கள் மத்தியில் அது வெறும் ஊரைக் கேட்கும் கேள்வி இல்லை என்று இந்தப் பக்கங்களைப் படிப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இவர் எந்த இயக்கம், நான் சொல்வது எங்கே போய்ச் சேரும் என்ற பயமும் கூடவே உட்கார்ந்திருக்கும். ராணுவத்தால் மட்டுமல்ல, இயக்கங்களால் வதைபட்டவர்களும் அந்த அறைக்கு வந்தார்கள். அறக்கட்டளை தமிழர்களைப் பற்றி 2000இல் வெளியிட்ட ஆய்வின் தலைப்பே 'நடுவில் சிக்கியவர்கள்' என்ற பொருளில்தான் இருந்தது.

இலங்கையின் பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் வந்தது. குற்றச்சாட்டு இல்லாமல் பதினெட்டு மாதம் வரை வைத்திருக்கலாம் என்ற விதி அதில் 2022 வரை இருந்தது. போலீஸ் உயர் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலமே சாட்சியமாகச் செல்லும். வாக்குமூலம் செல்லும் என்றால் அதை எப்படியாவது வாங்க வேண்டும் என்றுதானே ஆகும்? மணல் அடைத்த எஸ்லோன் குழாய், பெற்றோல் ஊற்றிய பிளாஸ்டிக் பை, பழுக்கக் காய்ச்சிய கம்பி எல்லாம் இங்கிருந்துதான் வருகின்றன. இதே இலங்கை 1994இல் ஐ.நா.வின் சித்திரவதை எதிர்ப்பு உடன்படிக்கையில் சேர்ந்து தனிச்சட்டமும் போட்டுக்கொண்டது. இந்தியா 1997இல் கையெழுத்துப் போட்டதோடு சரி, இன்றுவரை ஏற்புறுதி செய்யவில்லை.

அந்த லண்டன் அறைகளில் ஆண்கள் எதைச் சொல்லாமல் வைத்திருந்தார்கள் என்பதையும் இந்த ஊழியர்கள்தான் வெளியே கொண்டுவந்தார்கள். அங்கே அனுப்பப்பட்ட 184 தமிழ் ஆண்களில் 38 பேர் தடுப்புக்காவலில் பாலியல் வதைக்கு உள்ளாக்கப்பட்டதாகச் சொன்னார்கள் என்று அறக்கட்டளை மருத்துவர்கள் 2000இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். ஐந்தில் ஒருவர். பெண்களுக்கு நடந்ததை வதை என்று சொல்லவே நமக்கு ரொம்ப காலம் ஆனது. ஆண்களுக்கு நடந்ததைச் சொல்ல அந்தக் காலம்கூட இன்னும் வரவில்லை.

எல்லாம் அறைக்குள்ளேயே நடக்கவில்லை. 1992இலிருந்து லண்டனில் சிறு நிலத்துண்டுகளை எடுத்து வதைபட்டவர்களிடம் கொடுத்தார்கள். பேச்சு வராதவர் மண்ணைக் கொத்துவார். பக்கத்தில் சிகிச்சையாளரும் குனிந்து களை பிடுங்குவார். முகத்துக்கு முகம் பார்க்கத் தேவையில்லை. பேச்சு வந்தால் வரும், வராவிட்டால் கீரையாவது வரும்.

ஆனால் கேட்பவர்கள் கேட்டுவிட்டு மட்டும் போக முடியாத நிலை ஒன்று உண்டு. புகலிடம் வேண்டுமானால் அரசாங்கத்துக்கு ஆதாரம் வேண்டும். அதனால் அறக்கட்டளையின் மருத்துவர்கள் அறிக்கை எழுதினார்கள். தாளில் ஒரு மனித உருவம் கோட்டுச் சித்திரமாக இருக்கும், முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. தழும்புகளை எண் போட்டுக் குறித்து, மில்லிமீட்டரில் அளந்து எழுதுவார்கள். சின்ன வயசில் சைக்கிளிலிருந்து விழுந்த தழும்பையும் எழுதுவார்கள், 'இது வதையால் வந்ததில்லை' என்று. அதை விட்டால் மற்றதை நம்பமாட்டார்கள். 1999இல் ஐ.நா.வுக்குக் கொடுக்கப்பட்ட இஸ்தான்புல் நெறிமுறை இதற்கு ஐந்து படிகள் வைத்தது. சொன்ன காரணத்தோடு பொருந்தவில்லை என்பதில் தொடங்கி, பொருந்துகிறது, மிகவும் பொருந்துகிறது, இவ்வகை வதைக்கே வழக்கமானது என்று ஏறி, வேறெப்படியும் வந்திருக்க முடியாது என்பதில் முடிகிறது. வதைபட்டவன் கதை கடைசியில் இந்த ஐந்தில் ஒரு சொல்லாகிவிடும். அங்கே வேலை செய்பவர்களுக்கு இந்த முரண்பாடு நன்றாகவே தெரியும். வலிக்காமல் கேட்க வேண்டியவரே, எந்தக் கை, எத்தனை தடவை, எவ்வளவு நேரம் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

வெள்ளைக்காரர் கையால் தமிழர் உடம்பின் காயம் காகிதத்துக்கு வருவது லண்டனில் தொடங்கியதில்லை. சென்னை மாகாணத்தில் நிலவரி வசூலிக்க நடந்த வதைகளை விசாரித்த எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவர் குழு 1855இல் அறிக்கை கொடுத்தது. விரலை நசுக்கும் கிட்டியும், தலையைக் காலோடு வளைத்துக் கட்டும் அண்ணாந்தாளும் அதில் பெயரோடு பதிவாகியிருக்கின்றன. வந்து சொன்னவர்களை அந்தக் குழு நம்பியது. ஆனால் பழியை உள்நாட்டு ஊழியர்கள் தலையில் போட்டு, மேலே இருந்த ஐரோப்பிய அதிகாரிகளை விட்டுவிட்டது. வரி அவர்கள் கஜானாவுக்குத்தானே போனது?

ஹெலன் பாம்பர் 2005இல் தன் பெயரில் இன்னொரு அமைப்பைத் தொடங்கி, 2014இல் இறந்தார். பழைய அறக்கட்டளை 2011இல் 'சித்திரவதையிலிருந்து விடுதலை' என்ற பொருளில் பெயரை மாற்றிக்கொண்டது. 2009 மே மாதம் போர் முடிந்த பிறகும் இலங்கையில் வதைபட்டு வந்த 148 பேரின் மருத்துவ ஆதாரங்களை 2015இல் அது தொகுத்து வெளியிட்டது. அமைதி வந்துவிட்டது என்று உலகம் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது.

2011இல் பிரிட்டனுக்கு வந்த ஒரு தமிழரின் வழக்கு நீதிமன்ற ஏடுகளில் கே.வி. என்ற இரண்டு எழுத்தில் இருக்கிறது. முதுகிலும் வலது கையிலும் சூட்டுக்கம்பித் தழும்புகள். அந்த அமைப்பின் மருத்துவர் பார்த்து அறிக்கை கொடுத்தார். 2014இல் தீர்ப்பாயம் நம்பவில்லை. தழும்பு உண்மைதான், சூடும் உண்மைதான், ஆனால் புகலிடம் வாங்குவதற்காக அவரே யாரையாவது வைத்துச் சூடு போட்டுக்கொண்டிருக்கலாம் என்றது. 2017இல் மேல்முறையீட்டிலும் மூன்றில் இரண்டு நீதிபதிகள் அதையே ஏற்றார்கள். 2019 மார்ச் 6இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது. மனிதர் தன் உடம்பில் மற்றவரைக் கொண்டு இப்படிச் செய்துகொள்வது அரிதிலும் அரிது என்றும், காயம் எப்படி வந்ததாகச் சொல்லப்படுகிறதோ அதோடு பொருந்துகிறதா என்று சொல்ல மருத்துவருக்கு உரிமை உண்டு என்றும் நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். சொல்லிவிட்டு, புதிதாகத் தீர்மானிக்கும்படி வழக்கைத் தீர்ப்பாயத்துக்கே திருப்பி அனுப்பினார்கள். வந்து எட்டு வருஷம் கழித்து, அவர் கதை மறுபடியும் முதலிலிருந்து கேட்கப்பட வேண்டியதாயிற்று.