எண்ணிக்கை முதலா, நிபுணர் முதலா? வன்னியும் குருதியியல் விசேட பயிற்சியும்

வட இலங்கையின் வன்னியில் தலசீமியா என்னும் பரம்பரைக் குருதிநோய் உடையோர் குறைவு, ஆகவே குருதியியல் நிபுணர்களைத் தெற்கின் பெரிய வைத்தியசாலைகளை மையமாக வைத்து உருவாக்கினால் போதும் என்னும் கருத்து காரணத்தையும் விளைவையும் இடம்மாற்றிவிடுகிறது. அக்கருத்தினர் சான்றாகக் காட்டத்தக்கது 2000ஆம் ஆண்டு 'லான்செட்' இதழில் வந்த இலங்கை ஆய்வு. 703 நோயாளரையும் ஏறத்தாழ 1600 பாடசாலைப் பிள்ளைகளையும் பரிசோதித்து, எந்நேரமும் 2000க்கு மேற்பட்டோருக்குச் சிகிச்சை தேவைப்படும் என்று அது மதிப்பிட்டது. நாடு தழுவிய சுமையை அளக்க அது சிறந்த ஆய்வு. மாவட்டத் தேவையை அளக்க அதை நீட்டுவதுதான் பிழை. 1600 பிள்ளைகளை 25 மாவட்டங்களுக்குச் சமமாகப் பகிர்ந்தாலும் மாவட்டத்துக்கு 64 பேரே வருவர். நூற்றுக்கு இருவர் தலசீமியா மரபணுக் காவிகள் என்று கொண்டால், அந்த 64 பேரில் ஒருவர்கூட அகப்படாமற்போவது நான்கில் ஒரு தடவைக்கு மேல் தற்செயலாகவே நிகழும். ஆய்வு வெளிவந்த அந்த ஆண்டில் ஆனையிறவு போர்க்களமாயிருந்ததையும் மறக்கலாகாது. அந்த ஆய்விலிருந்து வன்னியைப் பற்றி ஒன்றும் சொல்ல இயலாது என்பதே நேர்மையான வாசிப்பு.

வைத்தியசாலைப் பதிவேடுகள் இந்த இடைவெளியை நிரப்பும் என்பாரும் உளர். நோயை இனங்காண்பவர் இல்லாத இடத்தில் பதிவேடு எதைக் காட்டும்? சிறுத்து வெளிறிய செங்குழியங்கள் இரும்புச்சத்துக் குறைபாட்டிலும் உண்டு, தலசீமியாக் காவிகளிலும் உண்டு. ஈமோகுளோபின் வகைகளைப் பிரித்தறியும் பரிசோதனையைக் கேட்க யாரும் இல்லையெனில் இரும்பு மாத்திரையோடு அலுவல் முடிந்துவிடும். அதைவிட முக்கியமானது சிகிச்சைத் தீர்மானம். ஈமோகுளோபின் ஈ–பீட்டா தலசீமியா உள்ள 109 இலங்கை நோயாளரை ஆராய்ந்து 2005இல் வெளியான இன்னொரு ஆய்வு, ஒழுங்காகக் குருதியேற்றப்பட்டவர்களில் பலருக்கு அதைத் தீங்கின்றி நிறுத்த முடிந்ததைக் காட்டியது. யாருக்கு ஏற்றுவது, யாருக்கு நிறுத்துவது என்ற தெளிவு ஒரே நோயாளரை ஆண்டுக்கணக்கில் பார்த்தால்தான் வரும். அவசரமாக அனுப்பப்பட்டோரை மட்டும் கொழும்பில் சில மாதம் பார்த்த பயிலுநருக்கு அது வாய்ப்பது அரிது.

நோயாளர் குறைந்த இடத்தில் நிபுணரின் திறன் மங்கும் என்ற ஆட்சேபம் கனமானது. குருதிப் புற்றுநோய்க்கான தீவிர மருந்தேற்றலைப் பொறுத்தவரை அதை ஏற்கிறேன். அது யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை, தெல்லிப்பழை, மகரகம ஆகிய இடங்களில்தான் நடக்கவேண்டும். ஆனால் இனங்காணலும் தொடர் பராமரிப்பும் வேறு; அவை மாவட்டத்திலேயே நடக்கவேண்டும். அமெரிக்காவில் குருதியியலையும் புற்றுநோயியலையும் மூன்றாண்டில் ஒருங்கே பயிற்றுவிக்கும் முறை, ஒரே நிபுணரை நம்பியிருக்கும் மாவட்டத்துக்குப் பொருத்தமானது என்பது என் துணிபு. செலவு கூடும் என்ற வாதத்துக்கு நெடிய மறுப்பு வேண்டாம். தேவையின்றி ஏற்றப்படும் குருதியும் செலவுதான். இலங்கையின் நிபுணத்துவப் பயிற்சியின் பகுதியாக வெளிநாட்டில் ஓராண்டு ஒதுக்கப்படுகிறது. யாழ்ப்பாணத்தோடு இணைந்த நிலையில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் இன்னோர் ஆண்டு ஒதுக்கினால் என் கூற்றைச் சோதிக்கலாம். அவ்வாறு சில ஆண்டுகள் நடந்தபின்னும் பதிவேட்டில் எண்ணிக்கை உயரவில்லையெனில் நான் மறுக்கும் கருத்தே வென்றதாகும்.