குழந்தையின் தலைக்கு ஒரு தொகை: மதுரை வட்டாரப் பள்ளிகளும் மானிய முறையும்

பள்ளிக்கு நிதி வழங்காமல் குழந்தையின் பெயரில் நிதி ஒதுக்கி, பெற்றோர் தேர்ந்தெடுக்கும் பள்ளிக்கு அது சென்று சேர வகைசெய்வது வவுச்சர் முறை எனப்படும். 1955ஆம் ஆண்டு மில்டன் ஃபிரீட்மன் எழுதிய கட்டுரையிலிருந்தே இதன் வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். தமிழகத்தில் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு ஒதுக்கீடும் இக்கருத்தின் அண்மைக்கால வடிவமாகவே பேசப்படுகிறது. ஆனால் மாணவர் ஒருவருக்கு இவ்வளவு எனக் கணக்கிட்டுத் தனியார் பள்ளிக்குப் பொதுப்பணம் அளிக்கும் வழக்கம் சென்னை மாகாணத்துக்கு 19ஆம் நூற்றாண்டிலேயே அறிமுகமானது. அந்தப் பழைய அனுபவத்தை மதுரை வட்டாரத்தை முன்னிறுத்திக் காண இக்கட்டுரை முயல்கிறது.

1854ஆம் ஆண்டின் உட் கல்வி அறிக்கை, அரசு தானே பள்ளிகளைப் பெருக்குவதைவிடத் தனியார் பள்ளிகளுக்கு மானியம் அளிப்பதே சிக்கனம் என்று கருதியது. மதுரையில் இதற்கேற்ற களம் முன்பே இருந்தது. 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நிலைகொண்ட அமெரிக்கன் மதுரை மிஷன் பசுமலையிலும் சுற்றுவட்டாரத்திலும் கல்விப் பணியை வளர்த்திருந்தது. ஊர்தோறும் திண்ணைப் பள்ளிகள் இருந்தன. மானியம் வழங்க இரு வழிகள் கையாளப்பட்டன. ஒன்று, ஆசிரியரின் சம்பளத்தில் ஒரு பங்கை அரசு ஏற்பது. மற்றொன்று, தேர்ச்சிவழி மானியம். இங்கிலாந்தில் 1862இல் ராபர்ட் லோ கொண்டுவந்த திருத்த விதிகளே பின்னதற்கு முன்மாதிரி. ஆய்வாளர் வந்து வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் தேர்வு வைப்பார். தேறிய பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப ஆசிரியருக்குத் தொகை கிடைக்கும். 1871ஆம் ஆண்டின் உள்ளூர் நிதிச் சட்டத்துக்குப் பின் இது கிராமங்களில் பரவியது. பெற்றோர் தரும் காசையும் தானியத்தையும் நம்பியிருந்த திண்ணை ஆசிரியர் அரசின் பதிவேட்டுக்குள் வந்தது இவ்வாறுதான்.

இம்முறையின் பயனை மறுப்பதற்கில்லை. கட்டடம், நிர்வாகம் என எதற்கும் செலவிடாமல் அரசு குறைந்த பணத்தில் நிறையப் பள்ளிகளைத் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டது. 1882ஆம் ஆண்டின் ஹண்டர் ஆணையம் தொடக்கக் கல்விக்கு இதனைப் பொதுவாகப் பரிந்துரைத்ததற்கும் இச்சிக்கனமே காரணமாகலாம். குறையும் அந்தக் கணக்கிலேயே இருந்தது. தேறக்கூடிய பிள்ளை வருவாய். தேறாத பிள்ளை வீண் உழைப்பு. மனப்பாடம் ஓங்கியது. 1904ஆம் ஆண்டு கர்சன் அரசின் கல்வித் தீர்மானத்தோடு இம்முறை கைவிடப்பட்டது.

இதைவிட அடிப்படையான ஒரு குறையை ஆய்வுலகம் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது என் கருத்து. இருக்கும் பள்ளிக்கே தேர்ச்சிவழி மானியம் சென்று சேரும்; பள்ளி இல்லாத ஊரில் அதைப் பெறுவதற்கு எவருமில்லை. இதனை விளங்கிக்கொள்ள மதுரைக்கு மேற்கே செக்கானூரணி, உசிலம்பட்டி வட்டாரத்தைப் பார்க்க வேண்டும். 1911ஆம் ஆண்டின் குற்றப்பரம்பரைச் சட்டம் பிரமலைக் கள்ளர் மீது ஏவப்பட்டது. கைரேகைப் பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச்சூடு நடந்தது. அதையொட்டிய ஆண்டுகளில்தான் கள்ளர் சீரமைப்புத் திட்டத்தின்கீழ் அரசு நேரடியாகப் பள்ளிகளையும் விடுதிகளையும் நிறுவியது. அவை கண்காணிப்பின் கருவிகளாகப் பிறந்தவை என்பதில் ஐயமில்லை. எனினும் கட்டடத்துக்கும் ஆசிரியருக்கும் அரசே முழுப் பொறுப்பேற்ற பின்னரே அப்பகுதியில் பள்ளிகள் ஒரு வலைப்பின்னலாக உருவாயின. 1947இல் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீக்கப்பட்ட பின்னும் அம்மக்கள் இப்பள்ளிகளை விடவில்லை. 2023ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கை பல துறைகளின் பள்ளிகளைப் பள்ளிக்கல்வித் துறையோடு இணைக்கப்போவதாக அறிவித்தபோது எழுந்த எதிர்ப்பை இந்த வரலாறின்றி விளங்கிக்கொள்ள இயலாது.

விடுதலைக்குப் பின் சம்பள மானியமே நிலைபெற்றது. 1991-92 கல்வியாண்டு முதல் தொடங்கப்பட்ட தனியார் பள்ளிகளுக்கும் வகுப்புகளுக்கும் அரசு மானியம் இல்லை என்றானது. மதுரையின் புறநகரெங்கும் சுயநிதிப் பள்ளிகள் பெருகின. அப்பள்ளிகளுக்குள் பொதுப்பணம் மீண்டும் நுழைந்த வழி, 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு. நலிந்த பிரிவுக் குழந்தைக்காக அரசு தன் பள்ளியில் தலைக்குச் செலவிடும் தொகை அல்லது தனியார் பள்ளியின் கட்டணம், இரண்டில் எது குறைவோ அது ஈடாக வழங்கப்படும். தேர்ச்சி என்ற நிபந்தனை இப்போது இல்லை. இது பெரிய வேறுபாடு. ஆயினும் தொகை குழந்தையைத் தொடர்வதும், பள்ளி உள்ள இடத்துக்கே அது செல்வதும் மாறவில்லை. மெட்ரிக் பள்ளிகள் நெருங்கி நிற்கும் நகர்ப்பகுதிக்கும், அருகே தனியார் பள்ளியே இல்லாத ஊருக்கும் இவ்வுரிமையின் பயன் ஒன்றாகாது.

ஒன்றிய அரசின் ஒருங்கிணைந்த கல்வித் திட்ட நிதி நிறுத்தப்பட்ட நிலையில், 2025ஆம் ஆண்டு இந்த ஒதுக்கீட்டுச் சேர்க்கை உரிய காலத்தில் தொடங்கப்படவில்லை. தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தை நாடியது. அவ்வாண்டு ஜூனில் கள்ளர் பள்ளிகள் வழக்கம்போல் திறந்தன. மெட்ரிக் பள்ளியில் 25 விழுக்காட்டு இடத்தை நம்பியிருந்த பெற்றோர் அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.